வெந்நீரில் தேன் வேண்டாம்: உடற்பருமன் பற்றிய ஆயுர்வேதக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எடையைப் பற்றியவை. வயது, உயரம், இடுப்புச் சுற்றளவு, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய நான்கையும் குறிப்பிடாத கடிதங்களுக்கு உருப்படியான பதில் எழுத இயலாது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

நான் 84 கிலோ. எந்தக் கஷாயம் குடித்தால் எடை குறையும்? (வாசகர், முதலியார்பேட்டை)

ஆறடி உயரமுள்ளவருக்கு 84 கிலோ ஒரு கணக்கு, ஐந்தடி உயரமுள்ளவருக்கு முற்றிலும் வேறு கணக்கு. தையற்காரரின் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கஷாயத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இரவு உணவை விட்டுவிட்டேன். ஆனால் பசி முன்னைவிட அதிகமாகிறது. பருமனாக இருப்பவர்களுக்கு அக்கினி (செரிக்கும் சக்தி) மந்தம் என்றுதானே சொல்கிறார்கள்? (வாசகி, நெல்லிக்குப்பம்)

சொல்பவர்கள் ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் 21-ஆம் அத்தியாயத்தைப் படித்திருக்க மாட்டார்கள். மேதஸ், அதாவது கொழுப்பு, பெருகி உடலின் வழிகளை அடைத்துக்கொள்ளும்போது வாயு கோஷ்டத்துக்குள்ளேயே (வயிறு, குடல் பகுதி) சுழன்று அக்கினியைத் தூண்டிவிடுகிறது. அதனால் உண்டது விரைவில் செரிக்கிறது, மீண்டும் பசிக்கிறது, உண்பதெல்லாம் மற்றத் தாதுக்களுக்கு (இரத்தம், தசை போன்ற உடற்கூறுகளுக்கு)ப் போய்ச் சேராமல் மேதஸாகவே சேர்கிறது. அதிகப் பசியையும் அதிகத் தாகத்தையும் பருமனின் எட்டுக் குறைகளில் இரண்டாகவே சரகர் எண்ணுகிறார். இத்தகைய பசியைப் பட்டினியால் வெல்ல முயன்றால் வாயு மேலும் சீறும். இரவு 11 மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறக்க வைக்கும்.

அவர் சொல்லும் வழி வேறு: செரிக்க நேரமெடுக்கும், ஆனால் போஷாக்குக் குறைந்த உணவு. வரகு, சாமை, தினை, வாற்கோதுமை, பாசிப்பயறு, கொள்ளு, துவரை ஆகியவற்றை அந்த அத்தியாயத்திலேயே காணலாம். இரவு 7 மணிக்குள் ஒரு கிண்ணம் வரகுக் கஞ்சியும் பாசிப்பயற்றுச் சுண்டலும் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளை உணவையும் விடக்கூடாது.

தினமும் காலையும் மாலையும் கொதிக்கும் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் தேனும் எலுமிச்சைச் சாறும் குடிக்கிறேன். ஆறு மாதமாகியும் பலனில்லை. தேனின் அளவைக் கூட்டலாமா? (வாசகி, கடலூர் முதுநகர்)

கூட்டக் கூடாது, இப்போதே நிறுத்துங்கள். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் அடுத்த தபாலில் மீண்டும் வருகிறது. ஆயுர்வேதத்தின் பெயரால் வீடுதோறும் நடக்கும் இந்தக் காரியத்தை ஆயுர்வேதமே வெளிப்படையாகத் தடுக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத வேடிக்கை. சூடாக்கிய தேனும், வெப்பத்தால் வாடியவர் உண்ணும் தேனும் கேடு என்று சரகர் எழுதுகிறார். தேனால் உண்டாகும் ஆமத்தைவிட (செரியாமல் தங்கும் கழிவு) தீர்ப்பதற்குக் கடினமானது வேறில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். வாந்தி வரவழைக்கும் வமன சிகிச்சையில் மட்டும் சூடான தேனுக்கு விலக்கு உண்டு. செரிக்கும் முன்பே அது வெளியேறிவிடும் என்பதே காரணம்.

பருமனுக்குத் தேன் மருந்தாகச் சொல்லப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் எந்தத் தேன்? புதிய தேன் உடலை வளர்க்கும், பழந்தேன்தான் மேதஸைச் சுரண்டும் என்று இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சுச்ருதர் பிரித்துச் சொல்கிறார். ஓராண்டாவது ஆன தேனையே பழந்தேன் என்பார்கள். கடையில் சலுகை விலையில் வாங்கிய பாட்டிலை, அது தேன்தானா பாகா என்றுகூடத் தெரியாமல், கொதிநீரில் கலக்குகிறீர்கள். கணக்கையும் பாருங்கள்: தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. ஒரு பெரிய ஸ்பூனில் சுமார் 60 கலோரி. நாளொன்றுக்கு நான்கு ஸ்பூன் என்றால் ஏறத்தாழ 250 கலோரி. தோசைக்கல்லில் ஊற்றாமலேயே தினமும் இரண்டு தோசை கூடுதலாக உண்கிறீர்கள். எடை எப்படிக் குறையும்? காலையில் வெறும் வெதுவெதுப்பான நீரைக் குடியுங்கள், அதுவே போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனின் பக்கமே போக வேண்டாம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட். காலை 7 மணிக்கு வீடு வந்து நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு மதியம் 2 மணிவரை தூங்குகிறேன். பகல் தூக்கம் கபத்தை வளர்க்கும் என்று மனைவி கண்டிக்கிறார். (வாசகர், நெய்வேலி)

பருமனுக்கான காரணங்களில் பகல் தூக்கமும் ஒன்று என்பது சரியே. ஆயினும் ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் உங்களைப் போன்றவர்களை மறக்கவில்லை: பழக்கமில்லாமல் இரவில் விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியளவு காலையில் உண்ணாமல் உறங்கலாம் என்கிறார். ஆக, பிழை தூக்கத்தில் இல்லை, தோசையில் இருக்கிறது. வந்ததும் மோரோ வெந்நீரோ குடித்துவிட்டு நான்கு மணி நேரம் உறங்குங்கள், எழுந்து உண்ணுங்கள், தூக்கம் போதாவிட்டால் பணிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சர்க்கரைக்கு எடுப்பவராயின் வெறும் வயிற்றுத் தூக்கத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கொள்ளு ரசம் தினமும் குடிக்கலாமா? (வாசகர், பண்ருட்டி)

நெஞ்செரிச்சலோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் வேண்டாம். இல்லையெனில் வாரம் மூன்று நாள் போதும். கூடவே வறுத்த முந்திரியைக் கொறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; ஒரு கைப்பிடி முந்திரியில் 160 கலோரிக்கு மேல் இருக்கிறது.

குடம்புளி காப்ஸ்யூல் கொழுப்பைக் கரைக்குமாமே? (வாசகி, வில்லியனூர்)

1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான 12 வார ஆய்வில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. மீன் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள்.

கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கிறேன். எவ்வளவு வேகம் சரி? (வாசகர், புதுச்சேரி)

பாதி வலிமை என்பதே சாத்திர அளவு. நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாயால் மூச்சுவிடத் தோன்றும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். காந்தி சிலையருகே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவது நடையில் சேராது.

மகனுக்கு 21 வயது, 46 கிலோ. எல்லோரும் கேலி செய்கிறார்கள். (வாசகி, பாகூர்)

பருமனையும் மெலிவையும் ஒப்பிட்டு மெலிவே மேல் என்கிறார் சரகர். இருந்தாலும் ஒரு முறை சர்க்கரை, தைராய்டு, சளிப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.

திரிபலா குக்குலு (திரிபலாவும் குக்குலுப் பிசினும் சேர்ந்த மருந்து) சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, சிதம்பரம்)

நிறுத்தக் கூடாது. பிரோப்ரனலால், டில்டியாசெம் போன்ற இதய, இரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சேரும் அளவைக் குக்குலு குறைக்கக்கூடும் என்பதால், அவற்றை எடுப்பவர்கள் இதைத் தாமாக வாங்கி உண்ணவும் கூடாது. யார் எழுதிக் கொடுத்தார் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகலுடன் மீண்டும் எழுதுங்கள்.