ஆண் குரலின் வீச்சு என்றால் என்ன, அதை விரிவாக்க முடியுமா?

ஒருவர் சிரமமின்றிப் பாடக்கூடிய மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடைப்பட்ட தூரமே குரல் வீச்சு. மேற்கத்திய இசையில் ஆண் குரலைத் தாழ்விலிருந்து பாஸ், பாரிடோன், டெனர் என வகுப்பர். பருவ வயதில் ஆண்களின் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் தாழ்கிறது. மட்டக்களப்புக் கூத்துக் களரியில் மத்தளத்தின் வாரை இறுக்கினால் நாதம் உயர்வதைப் போல, குரல்வளைத் தசை நாண்களை இழுத்து மெலிதாக்கும்போது அவை வேகமாக அதிர்ந்து மேல்சுரம் பிறக்கிறது. அந்தத் தசையைப் பழக்குவதே வழி: வாயை மூடி ‘ம்’ என்று இசைத்துத் தொடங்கி, நாளும் கால் மணிநேரம், சிறிது சிறிதாக ஏறி இறங்க வேண்டும், விடிய விடியப் பாடும் கூத்தருக்கு இது இன்னும் அவசியம் என்பது என் எண்ணம். வலியோ கரகரப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். உரத்துக் கத்தினால் உச்சத்தை எட்டலாம் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் உரப்பு பெரிதும் மூச்சின் அழுத்தத்தால் வருவது, சுரத்தின் உயரமோ நாணின் இழுவிசையால் வருவது.