லேப்டாப்புக்கு டைப்-சி ஹப் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: புது லேப்டாப்பில் இரண்டு டைப்-சி போர்ட் மட்டும்தான் இருக்கிறது. 4கே மானிட்டர், லேன் கேபிள், பழைய ஹார்ட் டிஸ்க், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் மாட்ட நினைக்கிறேன். 1,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 6,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்:

ஹப்பைத் தேடுவதற்கு முன்னால் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள். டைப்-சி என்பது அந்த ஓட்டையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. உள்ளே என்னென்ன வருகிறது என்று அது சொல்லாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்றில் வீடியோவும் வரும், சார்ஜும் ஏறும். மற்றொன்றில் டேட்டா மட்டும் போகும். விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் இந்த டேட்டா மட்டும் போகும் வகைதான் இருக்கிறது. அதில் எந்தச் சாதாரண ஹப்பை மாட்டினாலும் எச்டிஎம்ஐ-யில் படம் வராது. சாதாரண ஹப் தானாகப் படத்தை உருவாக்குவதில்லை. லேப்டாப் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வீடியோ முறை) சிக்னலை எச்டிஎம்ஐ-க்கு மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

போர்ட்டின் பக்கத்தில் மின்னல் அம்பு இருந்தால் அது தண்டர்போல்ட் என்ற வேகமான வகை. வீடியோ நிச்சயம் உண்டு. டி-யும் பி-யும் பின்னிய குறி இருந்தாலும் வீடியோ உண்டு. குறி எதுவும் இல்லையென்றால், உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' (வீடியோவுக்கு), 'பவர் டெலிவரி' (சார்ஜுக்கு) என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது தெரியாமல் ஹப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது 4கே. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் '4கே' என்று பெரிதாக இருக்கும், '30 ஹெர்ட்ஸ்', அதாவது திரை நொடிக்கு 30 தடவைதான் மாறும் என்று, ஓரத்தில் சிறிதாக இருக்கும். 30 ஹெர்ட்ஸில் மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டு விட்டுத் தாவும். பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலங்கும். நாள் முழுக்க வேலை பார்க்கிறவருக்கு அது ஒத்துவராது.

ஏன் 30-க்கு இறங்குகிறது? டைப்-சி-யில் வேகமான பாதைகள் மொத்தம் 4. வழக்கமான ஹப் அதில் இரண்டை வீடியோவுக்கும் இரண்டை யூஎஸ்பி 3-க்கும் பிரித்துக்கொள்ளும். 4கே 60 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிகாபிட்) வேண்டும். லேப்டாப்பில் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு என்றால் இரண்டு பாதையில் 8.64 ஜிபிபிஎஸ்தான் போகும், போதாது. 1.4 என்றால் 12.96 போகும், நூலிழையில் போதும். ஆக லேப்டாப், ஹப் இரண்டுமே 1.4 ஆக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 1.4 ஆக இருந்து பயனில்லை. நான்கு பாதையையும் வீடியோவுக்கே கொடுத்துவிடும் ஹப்புகளும் உண்டு. அவற்றில் 60 ஹெர்ட்ஸ் வரும், ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் 480 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும்.

உங்களிடம் இரண்டு போர்ட் இருப்பதால் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போக வேண்டாம் என்பேன். மானிட்டரை ஒரு போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள், மற்றதையெல்லாம் இன்னொரு போர்ட்டில் ஹப்புக்கு விடுங்கள். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்குவது நல்லது. எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சிப் நடுவில் இல்லாததால் தொல்லையும் குறைவு. சாதாரண 1080பி மானிட்டர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், விலை குறைந்த ஹப்பே போதும்.

சார்ஜ் விஷயத்தில், ஹப்பில் '100 வாட்' என்று போட்டிருப்பது அது வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு. லேப்டாப்புக்கு அத்தனையும் போகாது; ஹப் தனக்கென்று 10 முதல் 15 வாட் வரை ஒதுக்கிக்கொள்ளும். 65 வாட் சார்ஜரை ஹப் வழியாக மாட்டினால் லேப்டாப்புக்கு 50 வாட் அளவில்தான் வரும். கனமான வேலை ஓடும்போது சார்ஜர் மாட்டியிருந்தும் பேட்டரி இறங்குவது இதனால்தான். லேப்டாப்புடன் வந்தது 65 வாட் என்றால் ஹப்புக்கு 100 வாட் சார்ஜர் வாங்குங்கள். கேபிளும் 5 ஆம்பியர் கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கேபிள் விடாது. ஹப்பில் சார்ஜுக்கென்று இருக்கும் டைப்-சி ஓட்டையில் பெரும்பாலும் டேட்டா வராது என்பதையும் கவனியுங்கள்.

சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும். ஹப்பில் சார்ஜர் இல்லாமல் அதை மாட்டினால் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து, திரையில் தோன்றித் தோன்றி மறையும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், முதலில் மின்சாரம் போதுமா என்று பாருங்கள். ஹப்பில் சார்ஜரை மாட்டிய பிறகு டிஸ்க்கை மாட்டுங்கள். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் சார்ஜரைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. அந்த நொடியில் பல ஹப்புகள் எவ்வளவு மின்சாரம் என்று லேப்டாப்போடு மறுபடி பேசி முடிக்க எல்லா இணைப்பையும் ஒரு கணம் துண்டிக்கும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாழாகும். வேகத்தைப் பொறுத்தவரை இந்த வகை டிஸ்க்குக்கு 5 ஜிபிபிஎஸ் ஹப் தாராளம். வெளியே மாட்டும் வேகமான எஸ்எஸ்டி இருந்தால்தான் 10 ஜிபிபிஎஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

லேன் போர்ட்டுக்கு '10/100/1000' என்று எழுதியிருக்க வேண்டும். '10/100' என்று மட்டும் இருந்தால் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பிலும் 100-ஐத் தாண்டாது.

வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவரை ஹப்பில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். யூஎஸ்பி 3 ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல், இந்த மவுஸும் பல வைஃபை-களும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். வைஃபை-யை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண ஹப்பை வாங்க வேண்டாம். சாதாரண ஹப் வழியாக ஒரே கேபிளில் வரும் வீடியோவை மேக்ஓஎஸ் (மேக்கின் இயங்குதளம்) இரண்டு தனித் திரையாகப் பிரிக்காது. இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும்.

லேப்டாப்பின் விலாவில் நேராக ஒட்டிக்கொள்ளும், வயரே இல்லாத ஹப்பைத் தவிர்த்துவிடுங்கள். மாட்டியிருக்கும் கேபிள்களின் பாரம் முழுவதும் போர்ட்டின் மேல் இறங்கி நாளடைவில் அதை ஆட்டம் காண வைக்கும். 15, 20 சென்டிமீட்டர் வயர் உள்ளது நல்லது. உலோக உடல் சூடாவது இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பு அல்ல.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். பெரிய ஃபோல்டர் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கட்டும், லேனில் வீடியோ ஓடட்டும். விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' போனால் எத்தனை ஹெர்ட்ஸ் வருகிறது என்று தெரியும். மானிட்டர் அவ்வப்போது கறுத்து மீண்டால் முதலில் மானிட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிள்கள் பல 4கே 60-ஐத் தாங்குவதில்லை. கேபிள் மாற்றியும் அப்படியே இருந்தால் நடுவில் இருக்கும் ஹப்பையோ அடாப்டரையோ தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.