சுண்டுவிரல் மரத்துப்போனால் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது, பள்ளி ஆசிரியை. மகன் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீட்டில் சும்மா நின்ற அவனுடைய சைக்கிளை ஓட்டத் தொடங்கினேன். நான்கு மாதமாக ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போய்த் திரும்புகிறேன். அரை மணி நேரத்தில் வலது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துவிடுகின்றன; மணிக்கட்டும் வலிக்கிறது. முன்பெல்லாம் கையை உதறினால் சரியாகிவிடும். இப்போது திங்கள் மாலை வரை நீடிக்கிறது. சென்ற வாரம் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழுந்தது. கூட வருகிறவர்கள் "ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்கிறார்கள். ஜெல் கையுறை வாங்கலாமா, சைக்கிளையே விட்டுவிடவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சைக்கிளை விட வேண்டாம் சகோதரி. ஆனால் இந்த ஞாயிறு ஓட்டவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, சாக்பீஸ் நழுவியது என்பதுதான். தொடை வலி என்றால் ஓட்ட ஓட்டப் பழகும். நசுங்குகிற நரம்பு பழகாது, நலிந்துபோகும்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அதுதான் அல்னார் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அது. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் நுழைந்து உள்ளங்கைக்கு வருகிறது. 1861-ல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் குயோனின் பெயரால் குயோன் கால்வாய் என்கிறார்கள். உள்ளங்கையின் அந்த ஓரத்தைத்தான் நாம் ஹேண்டில்பாரில் ஊன்றுகிறோம். மணிக்கட்டையும் பின்னால் மடித்துக்கொண்டு, அரை உடம்பின் பாரத்தை மணிக்கணக்கில் அதன்மேல் போட்டால் அது என்ன செய்யும்? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவில் ஓடும் மீடியன். புறங்கையிலும் சுண்டுவிரல் பக்கம் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லாமல் முழங்கைப் பக்கம் இருக்கலாம். இதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சோதனையை இன்றே செய்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். காகிதத்தை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மடங்கிக்கொண்டால், தசைக்குப் போகும் கிளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மடங்காவிட்டாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுக்கச் சொல்வார். கூடவே சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு சின்ன அழுத்தத்தையும் தாங்காது.

இனி சைக்கிளுக்கு வருவோம். அது மகனுடைய சைக்கிள் என்றீர்கள். அவர் உங்களைவிட உயரமாக இருந்தால் பாதிக் கதை அங்கேயே இருக்கிறது. ஹேண்டில்பார் எட்டாமல் நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள், முழங்கை விறைத்து நீள்கிறது, ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நேரே மணிக்கட்டில் போய் இறங்குகிறது.

முதலில் சீட். கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உட்காரும்போது அழுத்துகிறது என்று பலர் சீட்டின் மூக்கைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்போது உடம்பு சறுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கும் வேலை முழுவதும் கைகளுக்கு. சீட் மட்டமாக இருக்கட்டும். எட்டவில்லையே என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், பாரம் இன்னும் கைக்குத்தான் வரும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றி, பாரையும் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். நல்ல சைக்கிள் கடையில் உங்களை உட்கார வைத்துப் பார்த்தே செய்து தருவார்கள். சைக்கிளே உங்கள் அளவுக்குப் பெரியது என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள், வேறு சைக்கிள் பாருங்கள்.

ஓட்டும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கட்டும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்கட்டும். அவ்வப்போது, ஹேண்டிலை விடாமலே, ஆர்மோனியம் வாசிப்பதுபோல விரல்களை ஆட்டிப் பாருங்கள். முடியவில்லையா? கைகளில் பாரம் அதிகம் என்று அர்த்தம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியின் இடத்தை மாற்றுங்கள். நேர் ஹேண்டில்பாரில் அதற்கு இடம் குறைவு. ஓரத்தில் கொம்பு மாதிரி பொருத்தும் பார்-எண்டுகள் உதவும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்று அடிக்க வேண்டியதில்லை. ஐந்து, பத்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்தாலே குலுக்கல் தணியும்.

கையுறை இதற்கெல்லாம் அப்புறம்தான். வாங்கினால் திணிப்பு மிதமானதாகப் பாருங்கள். தடித்த ஜெல் நரம்பின் மேலேயே மேடாக உட்கார்ந்து அழுத்துவதும் உண்டு.

அழுத்தம் நீங்கினால் பெரும்பாலோருக்கு இது குணமாகிவிடுகிறது. சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம், அவசரப்படாதீர்கள். மரப்பு முற்றிலும் போய், மருத்துவரும் சரி என்ற பிறகு திரும்ப ஆரம்பியுங்கள். முதல் வாரம் முட்டுக்காடு வேண்டாம், நீலாங்கரை வரை போதும். வழியில் விரல் மரத்தால் அங்கேயே இறங்கி, எத்தனை நிமிடத்தில், எந்த விரல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் காட்டுங்கள்.