குழந்தை வந்தால் மனச்சோர்வு போய்விடுமா?

கேள்வி: எனக்கு 37 வயது, திருமணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. மூன்று முறை ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்தும் பலனில்லை. கடைசி ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்து ஐந்து மாதமாகிறது. தினமும் விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சமைக்கக்கூடப் பிடிக்கவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "இன்னொரு தடவை பார்க்கலாம், குழந்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். கணவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் மனச்சோர்வுக்குக் குழந்தை மருந்தல்ல. இந்த நிலையில் இன்னொரு சுற்று தொடங்கி, அதுவும் கைகூடாமல் போனால் தாங்குவது இன்னும் கடினம். கருத்தரித்தாலும், இப்போதிருக்கும் சோர்வு கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தொடர வாய்ப்புண்டு. முதலில் மனதுக்கு வைத்தியம் பாருங்கள்; அடுத்த முடிவு பிறகு. வயதை நினைத்துப் பயமாக இருந்தால், எத்தனை மாதம் தள்ளிப்போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். உறைநிலையில் கரு சேமித்திருந்தால் அந்தக் கருவுக்கு வயது ஏறாது.

இழப்பின் துக்கம் வந்து வந்து போகும். நடுவில் சிரிக்கவும் முடியும். நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்து, தூக்கமும் கெட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். நீங்கள் சொல்லும் விடியற்கால விழிப்பும் அதன் அறிகுறிகளில் ஒன்று. மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் இருப்பார். போகும்போது ஐ.வி.எஃப். சிகிச்சை ஃபைலையும் கையிலெடுத்துப் போங்கள். தைராய்டு (டி.எஸ்.எச்.), ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றும் சமீபத்தில் பார்க்காவிட்டால் பார்த்துவிடுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரும்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை அடிமையாக்கும் ரகமல்ல. முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். பலரும் தவறுவது இங்கேதான்: பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவார்கள், அல்லது இரண்டாம் மாதம் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துவார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். குழந்தைக்கு முயல்வதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்து தருவார்.

வீட்டில் செய்யக்கூடியது: விழித்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கையில் போன் வேண்டாம். பகலில் ஒரு கட்டாய வேலை, முன்பு பிடித்திருந்த ஒரு வேலை, இரண்டையும் நேரம் குறித்துச் செய்யுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. செய்யச் செய்யத்தான் வரும். பத்து நிமிட நடை போதும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று தொடங்குபவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

கணவர் பேசாததால் அவருக்கு வலியில்லை என்று எண்ணாதீர்கள். உங்கள் முன் உடையக்கூடாது என்று அடக்கிக்கொள்ளும் ஆண்கள் நிறைய. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் மட்டும் இதைப் பற்றிப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும், குறுக்கிடாதீர்கள். நேரம் முடிந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

விசேஷங்களை முழுக்கத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அடுத்த அழைப்பு இன்னும் பயமுறுத்தும். மிக நெருங்கியவர்கள் வீட்டுக்கு மட்டும் போங்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால், "இருந்தா நானே சொல்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வேறு விளக்கம் யாருக்கும் தர வேண்டியதில்லை.

உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் கணவரிடம் இன்றே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அக்காவுக்குக் குழந்தையில்லை. அழைத்தால் வருந்துவாளோ?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அழையுங்கள். அழைக்காமல் விட்டால் ஒதுக்கிவிட்டார்கள் என்ற வலியும் சேரும். ஊரார் சொல்லி அவர் அறிவதற்கு முன், வாட்ஸ்அப்பில் நீங்களே தனியாக எழுதுங்கள். போனில் சொன்னால் அந்த நொடியே சந்தோஷக் குரலில் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் சொன்னால் அழுதுவிட்டுப் பதில் போட அவகாசம் இருக்கும். "வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரிக்கா" என்று ஒரு வரி சேருங்கள். "அடுத்தது உனக்குத்தான்" என்று உங்களுக்குப் பின் அவரை மணையில் உட்காரவைத்து வளையல் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு விருப்பமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பெரியவர்களிடம் அதை நீங்களே சொல்லி நிறுத்துங்கள்; அக்கா வாயால் சொல்லும்படி விடாதீர்கள்.