வட்டியில்லாத் தவணையில் பெரிய ரீவியா, கைக்காசுக்கு மொனிட்டரா?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். நாள் முழுக்க எக்செல்தான். 14 அங்குல லெப்டொப்பில் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. 43 அங்குல 4கே ரீவி ஒன்று 135,000 ரூபா. கடனட்டையில் 12 மாதத் தவணை, வட்டி இல்லை, 6 சதவீதக் கட்டணம் மட்டும் என்கிறார்கள். 27 அங்குல மொனிட்டர் 92,000 ரூபா. அதைக் கைக்காசுக்கே வாங்கலாம். ரீவி என்றால் இரவில் பிள்ளைகளும் பார்ப்பார்கள். என் மேசை இரண்டடி ஆழம். எதை வாங்க?

பதில்: மொனிட்டரை வாங்குங்கள். நல்ல 43 அங்குல 4கே ரீவி கணக்கு வேலைக்கு அருமையான திரைதான். ஆனால் உங்கள் மேசையும் அந்தத் தவணையும் அதற்கு இடம் தரவில்லை.

முதலில் தவணை. 6 சதவீதம் என்றால் 8,100 ரூபா. முழுத் தொகைக்கும் கணக்குப் போட்டு அதை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவார்கள். உங்கள் கடனோ மாதம் 11,250 வீதம் குறைந்துகொண்டே போகிறது. ஆறு மாதத்தில் பாதிதான் மிச்சம். ஆகவே அந்த 6 சதவீதம் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 11.5 சதவீதம். கடையில் இன்னொன்றையும் கேளுங்கள்: "கைக்காசு தந்தால் என்ன விலை?" 5 சதவீதம் குறைப்போம் என்றால், நீங்கள் இழக்கும் அந்த 6,750 ரூபாவும் தவணைக்குக் கொடுக்கும் விலைதான். இரண்டையும் சேர்த்தால் வட்டி 22 சதவீதம் வரை போகும். வட்டியே இல்லை என்று சொன்ன தவணை இது! ஒரு மாதம் பிந்தினால் மீதித் தொகைக்கு என்ன வட்டி போடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சுவர் பிரக்கெட், கேபிள், சேர்ஜ் புரொடெக்டர் என்று இன்னும் ஒரு 10,000 ஒதுக்க வேண்டும். ரீவி 153,100 ரூபாவில் வந்து நிற்கும். மொனிட்டரை விட 61,100 அதிகம்.

இனி மேசை. 43 அங்குல ரீவியின் அகலம் 95 சென்ரிமீற்றர். கழுத்தைத் திருப்பாமல் இரண்டு ஓரங்களையும் பார்க்கக் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 80, 90 சென்ரிமீற்றராவது வேண்டும். இரண்டடி மேசையில் ரீவியின் கால்களே ஏறக்குறைய ஒரு சாண் இடம் பிடிக்கும். உங்களுக்கு 65 சென்ரிமீற்றர் கிடைத்தாலே பெரிது. சுவரில் பூட்டினால் சரியாகும், ஆனால் வாடகை வீட்டில் துளை போட வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். 27 அங்குல மொனிட்டருக்கு இந்த மேசை தாராளம். ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள்: 2560 x 1440 புள்ளிகள் உள்ளதா என்று பாருங்கள். 27 அங்குலத்தில் 1920 x 1080 என்றால் எழுத்தின் ஓரம் முரடாகத் தெரியும்.

கரண்ட் பில்லையும் மறக்க வேண்டாம். 43 அங்குல ரீவி சுமார் 80 வொட்ஸ், 27 அங்குல மொனிட்டர் சுமார் 30 வொட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 50 வொட்ஸ் வித்தியாசம், நாளுக்கு 9 மணித்தியாலம், மாதம் 26 நாள்: கிட்டத்தட்ட 12 அலகு. சிறிய தொகைதான், ஆனால் 30 நாளுக்கு 85 அலகு பாவிக்கும் வீடு இதனால் 90ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போகும். அப்போது தாண்டிய அலகுகளின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். உங்கள் கடைசி மூன்று பில்களை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்பதை இலாபமாக எண்ணுகிறீர்கள். மாலை ஆறு மணிக்கு வெளிநாட்டிலிருந்து அவசர வேலை வந்தால் திரை யாருக்கு? வரியிலும் இது இடிக்கும். அந்நியச் செலாவணியாக வங்கிக்கு வரும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதம் வரை வரி உண்டு. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டி வரி கட்டுபவராக இருந்தால், தொழிலுக்கு வாங்கிய மொனிட்டரின் விலையை ஆண்டுக்கு 20 சதவீதம் வீதம் ஐந்து ஆண்டுகளில் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். குடும்பமும் பார்க்கும் ரீவிக்குத் தொழிற்பங்கு மட்டுமே கழியும். அந்தப் பங்கை நீங்கள்தான் நியாயப்படுத்த வேண்டும். எதை வாங்கினாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஆழமான மேசை இருந்து, கையில் காசும் இருந்து ரீவியே வாங்குபவர்கள் லெப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் கடல், பூ வீடியோவை வைத்து எழுத்தின் தெளிவை அளக்க முடியாது. எச்டிஎம்ஐயில் இணைத்து, 3840 x 2160 புள்ளிகளில் 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறுவது) வருகிறதா பாருங்கள். 30தான் வந்தால் மவுஸ் அம்பு இழுபட்டு நகரும். பழைய லெப்டொப்பின் எச்டிஎம்ஐ 1.4 துளையே பெரும்பாலும் காரணம். பிறகு எக்செல்லைத் திறந்து, சாம்பல் நிறக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு தொகையை அடியுங்கள். எழுத்தைச் சுற்றி மை ஊறியதுபோல் தெரிந்தால் ரீவி நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டுகிறது. அந்த இணைப்பின் பெயரை ரீவி மெனுவில் 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல ரீவிகளில் அதோடு தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அந்த மொடலை விட்டுவிடுங்கள். கீழே உள்ள டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது வெறும் செட்டிங். படத்தைத் திரைக்குப் பொருத்தும் தெரிவை மாற்றினால் போதும். ஓலெட் ரீவி இந்த வேலைக்கு வேண்டாம்: அசையாமல் நிற்கும் கோடுகள் காலப்போக்கில் திரையில் படிந்துவிடும். வொரண்டி அட்டையில் தொழில் பாவனைக்குச் செல்லாது என்ற வரி இருக்கிறதா என்றும் வாசியுங்கள்.

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஏற்கெனவே 4கே ரீவி இருந்தால், ஒரு கேபிளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் வேலை செய்து பாருங்கள். பின்னொளியைக் கால்பங்குக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். கடைக்கென்று வைத்த வெளிச்சத்தில் இரண்டு மணித்தியாலத்திலேயே கண் எரியும். கண் எரிச்சலுக்குக் கண்ணாடியும் காரணமாகலாம் என்பதால், 92,000 ரூபாவைச் செலவழிக்க முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடைகளில் கைக்காசு விலை கேட்டு, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் உள்ள மொனிட்டராகப் பார்த்து எடுங்கள்.