மகன் வீட்டில் சாப்பிட்ட மான்கறி: பயப்பட வேண்டுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கிறார், சீசனில் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போவார். அங்கே போயிருந்தபோது அந்தக் கறியில் மிளகுக்குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது மான்களுக்கு மூளையை அழிக்கும் ப்ரியான் நோய் என்று யாரோ சொல்ல, தூக்கம் போய்விட்டது. குக்கரில் நன்றாக வேகவைத்தால் போதாதா என்பது அவர் கேள்வி.

போதாது அம்மா. ப்ரியான் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, தப்பாக மடிந்துபோன ஒரு புரதம், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடியவைத்துவிடும். உயிரில்லாத பொருள் என்பதால் எத்தனை விசில் விட்டாலும், ஃப்ரீசரில் எத்தனை மாதம் வைத்தாலும், உப்புக்கண்டம் போட்டாலும் அழியாது.

ஆனால் நிம்மதியான செய்தியும் இருக்கிறது. மான்களை உருக்கிக் கொல்லும் இந்த க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் 1967-ல் கொலராடோவில் முதலில் தெரியவந்தது, விஸ்கான்சினில் 2002-ல், இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் நோயுள்ள மானைத் தெரியாமல் சாப்பிட்டிருப்பார்கள். இருந்தும் மனிதருக்குத் தொற்றியதாக ஒரு கேஸ்கூட உறுதியாகவில்லை. வேட்டைக்காரர் ஒருவர் க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற, மனிதருக்கு வரும் ப்ரியான் மூளை நோயில் இறந்தால் உடனே மான்கறிதான் காரணம் என்று செய்தி பரவும், ஆனால் அந்த நோய் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு உலகம் முழுக்க வருகிறது.

அப்புறம் ஏன் எச்சரிக்கிறார்கள்? பிரிட்டனில் மாடுகளுக்கு வந்த பைத்தியப் பசு நோயும் ப்ரியான் நோய்தான், அது மனிதருக்கு வராது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 1996-ல் வந்தது தெரிந்தது, அங்கே மட்டும் 178 பேர் இறந்தார்கள். அந்த அனுபவம்தான் காரணம், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, ரிசல்ட் வரும்வரை கறியைத் தனியாக ஃப்ரீசரில் வைக்கட்டும், நோய் இருப்பதாக வந்தால் ஒரு துண்டுகூட வேண்டாம். விஸ்கான்சினில் இந்தப் பரிசோதனை இலவசம். பார்க்க ஆரோக்கியமாக இருந்தது என்பது கணக்கில் வராது, அறிகுறி தெரியவே ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். கடையில் வெட்டக் கொடுத்தால் மற்றவர்கள் மானோடு கலக்காமல் வெட்டச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே வெட்டினால் கையுறை போட்டு, எலும்பை அறுக்காமல் சதையை மட்டும் எடுக்கட்டும்.

நம் சமையல் பழக்கத்தை நினைத்து இதை அழுத்திச் சொல்கிறேன். தலைக்கறி, மூளை வறுவல், மண்ணீரல், எலும்பு சூப் எதுவும் மானில் வேண்டவே வேண்டாம், ப்ரியான் அதிகம் சேருவது மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளில்தான். சதையிலும் கொஞ்சம் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆகவே இவற்றை ஒதுக்கியதோடு வேலை முடிந்தது என்று பரிசோதனையை விட்டுவிடக்கூடாது.

ஏற்கெனவே சாப்பிட்டதற்கு? ஒன்றும் செய்ய வேண்டாம். அறிகுறி இல்லாதவருக்கு இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, அதற்காக ஜிப்மர் வரிசையில் நிற்பதும் ஸ்கேனுக்குச் செலவழிப்பதும் வீண். நம் ஊர் ஆட்டுக்கறியையும் இதற்காக நிறுத்த வேண்டாம். ஆட்டுக்கு வரும் ஸ்க்ரேப்பி என்ற ப்ரியான் நோய் 250 வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று, அதுவும் மனிதருக்கு வந்ததாக நிரூபணமில்லை.