நான்கு மவுண்டிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எர்ணாவூரில் இருக்கிறேன். பதினைந்து வருடம் தாண்டிய மிட்சுபிஷி சீடியா ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வைத்திருக்கிறேன். ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் அதிர்கின்றன. முதல் கியரில் கிளட்சை விடும்போது ‘டக்’கென்று அடிக்கிறது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங் நான்கும் போய்விட்டன என்கிறார் மெக்கானிக். நண்பரோடு சேர்ந்து வீட்டிலேயே மாற்றிவிட நினைக்கிறேன். கம்பெனிப் பெட்டியில் பழைய சரக்கு, பெயரில்லாத புதுச் சரக்கு, புதுப்பேட்டையில் பழைய கார்களில் கழற்றி விற்பது, இணையத்தில் கிடைக்கும் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) என நான்கு வகை இருக்கிறதாம். எதை வாங்கலாம்?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நிற்கும்போது வரும் அதிர்வு, தேய்ந்த பிளக்காலும் வரும். பலவீனமான காயிலாலும், அழுக்கேறிய த்ராட்டிலாலும் வரும். அப்படியானால் அதிர்வு சீராக இருக்காது, இடையிடையே தடுமாறும். சைலன்சர் சத்தமும் அதோடு சேர்ந்து தடுமாறும். அதை முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புது மவுண்டிங் போட்ட பிறகும் கார் அதிரும், கடைக்காரரோடு வீண் சண்டை வரும்.

‘டக்’ சத்தம் வேறு விஷயம். பானெட்டைத் திறந்து வையுங்கள். கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தியபடி நண்பர் முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்கவிட்டு உடனே மிதிக்கட்டும். பிறகு ரிவர்ஸ் கியரில் அதையே செய்யட்டும். நீங்கள் காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்புவது இயல்பு. எகிறி ஆடினால் மவுண்டிங்தான்.

உங்கள் காரில் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் இன்ஜினையும் மறுபக்கம் கியர்பாக்ஸையும் தாங்கும் இரண்டு மவுண்டிங்குகள் எடையைச் சுமக்கின்றன. முன்னும் பின்னும் கீழே இருக்கும் ரோல் ஸ்டாப்பர்கள் இரண்டும் இன்ஜின் உருளாமல் பிடித்துக்கொள்கின்றன. கிளட்சை விடும்போது கேட்கும் அடிக்குப் பெரும்பாலும் இந்த ரோல் ஸ்டாப்பர்களே காரணம். டார்ச் அடித்து, ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் இருந்தால் வயதாகிவிட்டது என்றுதான் பொருள். ஓரத்தில் விரல் நகம் உள்ளே போகும் அளவுக்குப் பிரிந்திருந்தால் அது முடிந்துவிட்டது. நான்கும் ஒரே வயது என்பதால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நான்கையும் வாங்காதீர்கள்.

எர்ணாவூர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் உங்கள் பகுதிக்குள் புகுந்ததே, அந்தத் தண்ணீரில் கார் நின்றதா? பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் வலுவிழந்துவிடும். வெள்ளம் படாத காரிலும் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் ஒழுகும் ஆயில் கீழே இருக்கும் ரப்பரை இப்படித்தான் தின்னும். ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

இனி, எதை வாங்குவது என்பதற்கு வருவோம். ரப்பரைப் பொறுத்தவரை பெட்டியின் மேலிருக்கும் பெயரைவிட அதன் வயது முக்கியம். இந்தக் கார்கள் நம் திருவள்ளூர் ஆலையில்தான் தயாராயின. அதனால் உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கிடைப்பவற்றில் பல, வருடக்கணக்காக அலமாரியில் கிடந்தவை. ஒரு நாளும் காரில் ஏறாத ரப்பரும் வருடங்கள் போகப் போக இறுகும். பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் முகவரியும் தயாரான நாட்டின் பெயரும் இருக்க வேண்டும். தேதியைப் படியுங்கள். பத்து வருடப் பழையது என்றால் எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று, நான்கு வருடத்துக்குள் தயாராகி, நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி மீளும் ரப்பர் என்றால் வாங்கலாம்.

புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, இரும்பு பிராக்கெட் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். ரப்பரை அங்கே வாங்காதீர்கள். இன்னொருவர் காரில் உங்கள் காரைப் போலவே உழைத்துக் களைத்த ரப்பருக்குக் காசு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பெயரில்லாத புதியது மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல கார்களில் எடை தாங்கும் மவுண்டிங்கின் உள்ளே திரவம் இருக்கும். அதிர்வை விழுங்குவது அந்தத் திரவம்தான். மலிவு நகல்களில் அந்த இடத்தில் வெறும் ரப்பர் கட்டியை வைத்துவிடுவார்கள். போல்ட் துளைகள் சரியாகப் பொருந்தும், ஆனால் அதிர்வு கூடும். சேசிஸ் எண்ணைச் சொல்லி, உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாலு கடை ஏறி இறங்கினால் ஒரே பொருளுக்கு விலை எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

பாலியூரித்தேன் ஆயிலுக்கு அசையாது, இன்ஜினையும் இறுக்கிப் பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறவருக்கு, இன்ஜினின் ஒவ்வொரு துடிப்பையும் இருக்கைக்கே கொண்டுவந்துவிடும். அதிர்வைப் போக்கத்தானே இந்தச் செலவு? வேண்டாம்.

வீட்டில் செய்யலாமா என்றால், கருவிகள் இருந்தால் செய்யலாம். காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சமதளமான சிமென்ட் தரை, டிராலி ஜாக்கி, காரைத் தாங்க ஒரு ஜோடி ஸ்டாண்டு, குறித்த அளவுக்கு போல்ட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வேண்டும். இவற்றை எல்லாம் புதிதாக வாங்குவதானால் மெக்கானிக்குக் கூலி கொடுப்பதே மிச்சம்.

கடற்காற்றில் போல்ட்கள் துருப்பிடித்திருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். காலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் தடித்த மரப்பலகையை வைத்து, இன்ஜினின் எடை மவுண்டிங்கை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை ஏற்றுங்கள். கூடுதலாக ஏற்றினால் ரேடியேட்டர் ஹோஸும் வயர்களும் இழுபடும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். புதிதில் எல்லாப் போல்ட்களையும் முதலில் கையாலேயே திருகிப் பிடிக்கவைத்து, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய வாக்கில் நின்றுவிடும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போல்ட் அசையவே மறுத்தால் அடித்து உடைக்காதீர்கள். அந்த நிலையிலேயே திரும்ப இறுக்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மவுண்டிங்கில் சில வாரங்களிலேயே ரப்பர் தனியாகக் கழன்றுவிட்டது. ‘பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார் விற்றவர். விட்டுவிட வேண்டியதுதானா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: விடாதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கழன்ற மவுண்டிங்கை எறிந்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பெட்டியையும் லேபிளையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் மவுண்டிங் மாற்றியதாகப் பில் போட்டார்கள். உண்மையில் மாற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – கொளத்தூர் வாசகர்

பதில்: வேலையை ஒப்படைக்கும்போதே ‘பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும்’ என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்கு, பானெட்டைத் திறந்து மவுண்டிங்கின் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட இடத்தில் துருவும் தூசியும் விலகி உலோகம் தெரிய வேண்டும். ரப்பர் கறுப்பாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பல வருடத் தூசி போல்ட்டைச் சுற்றி அப்படியே படிந்திருந்தால், பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜரைப் போய்ப் பாருங்கள்.